மின்பொறியில் அலை கண்ட மேதை ஹைன்ரிக் ஹெர்ட்ஸ்

ஹெர்ட்ஸ் என்னும் சொல்லைக் கேளாதார் இன்று மிகச் சிலரே. வானொலி நிலையத்தார் தம் ஒலிபரப்பின் அலைவரிசையைக் கூறுங்கால் கிலோஹெர்ட்ஸ் என்பர். கைப்பேசி வாங்கச் செல்லும் இளைஞன் கிகாஹெர்ட்ஸ் கணக்குகளை விரல்நுனியில் வைத்திருக்கிறான். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அதிர்வதைப் பாடநூல் 50 ஹெர்ட்ஸ் என்று குறிக்கிறது. ஆயினும் அச்சொல் ஒரு மனிதரின் பெயர் என்பதையும், அம்மனிதர் முப்பத்தாறு வயதிலேயே மறைந்தார் என்பதையும், மறைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர் அவருடைய பிறப்பைக் காரணம் காட்டி அவரது நினைவையே துடைத்தெறிய ஓர் அரசு முனைந்தது என்பதையும் அறிந்தோர் பலர் இலர். இக்கட்டுரையாளன் வரலாறு பயின்றவன். இயற்பியலில் பட்டம் பெற்றவன் அல்லன். ஆதலின் அலகுக்குப் பின்னே நிற்கும் ஆளைக் காண்பதிலேயே எனக்கு நாட்டம் மிகுதி. நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரைக் கையிலேந்தும் மாணவச் செல்வங்களுக்கு அப்பெருமகனாரின் வாழ்வை எடுத்துரைக்கப் புகுகின்றேன்.

ஹைன்ரிக் ருடால்ஃப் ஹெர்ட்ஸ் 1857-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள் வட ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் குஸ்டாவ் ஹெர்ட்ஸ் வழக்கறிஞர். பிற்காலத்தில் அந்நகரின் செனட்டராகவும் உயர்ந்தவர். தாயார் அன்னா எலிசபெத் ஒரு மருத்துவரின் மகள். குடும்பம் வறுமை அறியாதது. குடிசையில் பிறந்து தெருவிளக்கில் படித்தவர் கதைகளையே இத்தகைய மலர்களில் படித்துப் பழகியவர்க்கு இது சற்று ஏமாற்றமாகவும் இருக்கலாம். ஆனால் அக்குடும்பத்தின் வரலாற்றில் நாம் கருத்தில் இருத்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. குஸ்டாவின் பெற்றோர் யூதராய்ப் பிறந்தவர்கள். 1834-இல், குஸ்டாவ் ஏழு வயதுச் சிறுவராய் இருந்தபொழுது, அக்குடும்பம் லூதரன் கிறித்தவத்தைத் தழுவியது. அக்காலத்து ஜெர்மன் நாடுகளில் யூதர்க்கு அரசுப் பதவிகளும் வேறு பல உரிமைகளும் மறுக்கப்பட்டிருந்தன. ஞானஸ்நானம் பெற்றோர்க்கு அக்கதவுகள் பெரும்பாலும் திறந்தன. ஹைன்ரிக் பிறக்கும்பொழுது அக்குடும்பம் மதம் மாறி இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் லூதரனாகவே வளர்ந்தார், லூதரனாகவே மறைந்தார். இச்செய்தியை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

சிறுவர் ஹைன்ரிக் பள்ளியில் மொழிகளிலும் கணக்கிலும் ஒருங்கே சிறந்தார். கிரேக்கத்தோடு நில்லாமல் அரபு மொழியும் கற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பள்ளிக்குச் சென்று வரைபடக் கலை பயின்றார். வீட்டிலே அவருக்கென்று ஒரு தச்சு மேசையும் பின்னர் ஒரு கடைசல் இயந்திரமும் இருந்தன. மரத்தையும் உலோகத்தையும் தம் கையாலேயே கடைந்து, தம் சோதனைகளுக்கு வேண்டிய கருவிகளைச் செய்துகொண்டார். அவருக்குக் கடைசல் தொழில் கற்பித்தவர், தம் மாணவர் பேராசிரியராகிவிட்டார் என்று கேள்வியுற்றபொழுது, நல்லதொரு கடைசல்காரரை உலகம் இழந்துவிட்டதே என்று வருந்தினாராம்.

இவ்விடத்தில் சற்றே நின்று செல்ல விரும்புகிறேன். கைத்தொழிலைப் பிறப்போடு பிணைத்து, அதனைச் செய்தவரிடமிருந்து ஏட்டைப் பறித்த நாடு நம்முடையது. ஏட்டைப் பெற்றவரோ உளியையும் சுத்தியலையும் தொடுதல் இழிவென்று ஒதுங்கினார். இதனால் தோல் பதனிட்டவரின் வேதியியலும், இரும்பு காய்ச்சியவரின் உலோகவியலும் ஏட்டில் ஏறாமலே அழிந்தன. ஹெர்ட்ஸின் வெற்றிக்கு அடிப்படை, கடினமான கணிதத்தை விளங்கிக்கொண்ட அதே மனிதர் பித்தளைக் குமிழைத் தாமே கடைந்து மெருகேற்றவும் வல்லவராயிருந்ததுதான். இவ்விரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் இக்கட்டுரைக்கு இடமில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் அவர் பொறியியலாளராகவே விரும்பினார். ஃபிராங்ஃபர்ட்டில் ஓராண்டு பயிற்சி, டிரெஸ்டனில் சில திங்கள் படிப்பு, பெர்லினில் ஓராண்டு படைப்பணி எனக் காலம் சென்றது. 1877-இல் மியூனிக் நகருக்கு வந்தபொழுதுதான் பாலங்களும் கட்டடங்களும் தமக்குரியன அல்ல, இயற்கையின் ஆராய்ச்சியே தமக்குரியது என்று தெளிந்தார். தந்தையாரிடம் மடல் வழியே இசைவு கேட்டார், இசைவும் கிடைத்தது. அடுத்த ஆண்டே பெர்லின் சென்று, அந்நாளைய ஜெர்மன் அறிவியலின் தலைமகனாராகிய ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் மாணவரானார். மாணவர் வந்து சில வாரங்களுக்குள்ளேயே அவருடைய திறனை ஆசிரியர் கண்டுகொண்டார். பல்கலைக்கழகம் அறிவித்த ஆராய்ச்சிப் பரிசை ஹெர்ட்ஸ் 1879-இல் வென்றார். 1880-இல், இருபத்து மூன்று வயதில், முனைவர் பட்டமும் பெற்றார்.

அந்த 1879-ஆம் ஆண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் மற்றொரு பெரிய சிக்கலையும் தம் மாணவரின் முன் வைத்தார். ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1860களில் ஒரு கொள்கையை வெளியிட்டிருந்தார். மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று பிறப்பித்துக்கொண்டு வெற்றுவெளியில் அலையாகச் செல்ல இயலும். அவ்வலையின் வேகம் ஒளியின் வேகமே. ஒளியும் அத்தகைய ஓர் அலையே என்பது அக்கொள்கை. சமன்பாடுகள் இருந்தன, சான்று இல்லை. ஐரோப்பிய அறிஞர் பலர் அதனை நம்பவும் இல்லை. இக்கொள்கையின் ஒரு கூறினைச் சோதித்து மெய்ப்பிப்பார்க்குப் பரிசு என்று பெர்லின் அறிவியற் கழகம் அறிவித்திருந்தது. ஹெர்ட்ஸ் அதனைக் கணக்கிட்டுப் பார்த்து, அன்றிருந்த கருவிகளைக் கொண்டு அது இயலாது என்று விலகிக்கொண்டார். மாக்ஸ்வெல் அவ்வாண்டு இறுதியிலேயே நாற்பத்தெட்டு வயதில் காலமானார்; தம் அலைகளை எவரும் கண்டதாக அவர் கேட்கவில்லை.

விலகினாரே அன்றி ஹெர்ட்ஸ் அதனை மறக்கவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றியபின், 1883-இல் கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அங்கே சோதனைச் சாலை வசதி ஏதும் இல்லை. மாக்ஸ்வெலின் சமன்பாடுகளை ஆழ்ந்து பயிலவே நேரம் கிடைத்தது. 1885-இல் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு, உடன்பணியாற்றிய ஆசிரியர் ஒருவரின் மகளாகிய எலிசபெத் டால் என்பாரை மணந்தார். கார்ல்ஸ்ரூஹேயில் நல்ல சோதனைச் சாலை இருந்தது. அதன் பழைய கருவிகளிடையே, வகுப்பில் மாணவர்க்குக் காட்டுவதற்கென்று வைத்திருந்த இரண்டு கம்பிச் சுருள்கள் கிடந்தன. 1886-இன் இலையுதிர் காலத்தில் அவற்றுள் ஒன்றன் வழியே சிறிய மின்தேக்கி ஒன்றின் மின்சாரத்தைப் பொறியாகப் பாய்ச்சியபொழுது, அதனோடு தொடர்பற்று அருகே கிடந்த மற்றச் சுருளின் முனைகளிடையேயும் ஒரு சிறு பொறி தோன்றியது. பாடம் நடத்தும் ஆசிரியர் பலரும் கண்டு கடந்திருக்கக்கூடிய காட்சியே அது. ஹெர்ட்ஸ் கடந்து செல்லவில்லை.

மின்பொறி என்பது யாது? காற்று இயல்பாக மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு உலோகக் குமிழ்களின் இடையே மின்னழுத்தம் மிகமிக உயர்ந்தால், அவ்விடைவெளியில் தற்செயலாக இருக்கும் ஓரிரு எலக்ட்ரான்கள் விரைந்து இழுக்கப்படுகின்றன. அவை காற்றின் மூலக்கூறுகளில் மோதி மேலும் எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிகின்றன, அவையும் மோதுகின்றன, கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பெருக்கே உண்டாகிறது. இவ்வாறு அயனிகளும் விடுபட்ட எலக்ட்ரான்களும் கலந்து நிற்கும் நிலையைத்தான் பிற்காலத்தவர் பிளாஸ்மா என்று அழைத்தனர். திண்மம், நீர்மம், வளிமம் என்னும் மூன்றற்கும் அப்பாற்பட்ட நான்காம் நிலை அது. இந்தப் பிளாஸ்மா இழையே நாம் காணும் பொறி. மோதலால் கிளர்ச்சியுற்ற நைட்ரஜன், ஆக்சிஜன் துகள்கள் தம் பழைய நிலைக்குத் திரும்பும்பொழுது ஒளியை உமிழ்கின்றன. அவ்வொளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாப் பகுதியும் மிகுதியாக உண்டு. அதே நொடியில் இவ்விழை ஒரு கம்பி போலாகி இரு குமிழ்களையும் இணைத்துவிடுகிறது. மின்சாரம் ஒரு புறமிருந்து மறுபுறம் பாய்ந்து, ஊஞ்சல் போல் திரும்பி, மீண்டும் பாய்ந்து, நொடிக்குப் பல கோடி முறை அலைகிறது. அவ்வூசலாட்டத்திலிருந்துதான் வானொலி அலை பிறக்கிறது. ஒரே பொறி, அதனிடம் இரண்டு பிறப்புகள். ஒன்று அணுவுக்குள்ளே நிகழும் அசைவால் வரும் ஒளி. மற்றொன்று முழு மின்னோட்டமும் ஊசலாடுவதால் வரும் அலை. மாக்ஸ்வெலின் கொள்கைப்படி இவை இரண்டும் ஒரே குடும்பம். வேறுபாடு அலைநீளத்தில் மட்டுமே.

ஹெர்ட்ஸ் அமைத்த கருவி எளியது. நேராக நீட்டிய செப்புக் கம்பியின் இரு கோடிகளிலும் 30 செ.மீ. விட்டமுள்ள துத்தநாகக் கோளங்கள்; நடுவே சிறு குமிழ்களுடன் ஓர் இடைவெளி; அதற்கு மின்னழுத்தம் தரத் தூண்டுசுருள் ஒன்று. மறுபுறம், எதனோடும் இணைக்கப்படாத ஒரு கம்பி வளையம். அதன் ஆரம் 35 செ.மீ.; அதன் வாயில் திருகால் நுண்ணிதாகக் கூட்டவும் குறைக்கவும் வல்ல இடைவெளி. முதற்கருவியில் பொறி பறந்தால் வளையத்தின் வாயிலும் பொறி தோன்றும். ஆனால் அது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே நீளமுள்ள மங்கிய பொறி. அறையை இருளாக்கி, கண்ணை இருளுக்குப் பழக்கி, அப்பொறியின் நீளத்தை அளந்து அளந்து அவர் எழுதினார். குமிழ்கள் மங்கினால் அலை பிறவாது. ஆகவே அவற்றை அடிக்கடி மெருகேற்ற வேண்டும். நாள் முழுதும் பொறியின் வெடிப்போசை. இந்நாளில் பல இலட்சம் ரூபாய்க் கருவிகள் இல்லையே என்று ஏங்கும் ஆசிரியர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வாறு அளந்துகொண்டிருக்கையில் ஒரு விந்தை நிகழ்ந்தது. வளையத்தின் மங்கிய பொறியை நன்கு காணும்பொருட்டு அதனை ஓர் இருட்பெட்டிக்குள் வைத்து மூடினார். பொறி தெளிவாகத் தெரிய வேண்டுவதற்கு மாறாக நீளத்தில் குறைந்துபோயிற்று! வேறொருவராயின் பெட்டியை எடுத்தெறிந்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருப்பார். ஹெர்ட்ஸ் அலை ஆராய்ச்சியைச் சில திங்கள் நிறுத்திவைத்து இந்தப் புதிரின் பின்னே சென்றார். பெட்டியின் எப்பகுதி பொறியைக் குறைக்கிறது? இரு பொறிகளுக்கும் இடையே வரும் பகுதியே. கண்ணாடித் தகட்டை இடையே வைத்தாலும் பொறி குறைந்தது. குவார்ட்ஸ் படிகத்தை வைத்தால் குறையவில்லை. குவார்ட்ஸ் முப்பட்டகம் கொண்டு முதற்பொறியின் ஒளியை நிறங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் வளையத்தின்மேல் வீழ்த்திப் பார்த்தார். ஊதா நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்திலேதான் விளைவு மிகுந்திருந்தது. ஆகவே ஒரு பொறியின் புற ஊதா ஒளி, மற்றொரு பொறி எளிதில் பாய உதவுகிறது என்று முடிவு கண்டு 1887-இல் வெளியிட்டார். காரணத்தை ஊகித்து விளையாடவில்லை. கண்டதை மட்டும் கூறி நிறுத்தினார். இதுவே ஒளிமின் விளைவின் முதற் கண்டுபிடிப்பு. இதற்கு 1905-இல் விளக்கம் தந்த ஐன்ஸ்டீனுக்கு, அவ்விளக்கத்தின் பொருட்டே 1921-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. என் எளிய கருத்தில், அலைகளைக் கண்டதைவிட அந்தப் பெட்டியை எடுத்தெறியாமல் நின்றதே ஹெர்ட்ஸின் பெருமையை மிகுத்துக் காட்டுவது.

பின்னர் அலை ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1888-இல், விரிவுரை மண்டபத்தின் ஒரு சுவரில் நான்கு மீட்டர் உயரமுள்ள துத்தநாகத் தகட்டைப் பொருத்தினார். எதிர்ப்புறக் கருவியிலிருந்து வரும் அலை அதில் மோதித் திரும்பி, வரும் அலையோடு கலந்து நிலை அலையாயிற்று. வளையத்தைக் கையிலேந்தி மண்டபத்தில் நடந்தால், சில இடங்களில் பொறி ஓங்கியது. சில இடங்களில் அடியோடு மறைந்தது. மறையும் இடங்களின் இடைவெளியை அளந்தால் அலைநீளம் கிடைத்துவிடும். அடுத்துக் கருவியைச் சிறிதாக்கி, அலைநீளத்தை 66 செ.மீ. அளவுக்குக் குறைத்தார். துத்தநாகத் தகட்டைப் பரவளையமாக வளைத்த இரு பெரிய குழியாடிகளை எதிரெதிரே நிறுத்தியபொழுது, அலை ஒளிக்கற்றை போல் நேராகச் சென்றது. மரக்கதவின் ஊடே சென்றது. உலோகத் தகட்டில் தடைப்பட்டது. கெட்டித் தாரை வார்த்துச் சுமார் 600 கிலோ எடையுள்ள முப்பட்டகம் ஒன்றைச் செய்தார்; கண்ணாடியில் ஒளி வளைவது போலவே அலை அதில் வளைந்தது. செப்புக் கம்பிகளை இணையாகக் கட்டிய சட்டம், ஒரு நிலையில் அலையைத் தடுத்தது; கால் சுற்றுத் திருப்பினால் விட்டுக்கொடுத்தது. ஒளிக்குரிய பண்புகள் ஒவ்வொன்றும் அந்த அலைக்கும் இருந்தன. 1888 டிசம்பரில் பெர்லின் அறிவியற் கழகத்தில் இம்முடிவுகள் வெளியிடப்பெற்றபொழுது ஐரோப்பா எங்கும் வியப்புப் பரவியது.

அவருடைய அளவுகள் அனைத்தும் பிழையற்றவை என்று கூறுவது உண்மையாகாது. கம்பியில் செல்லும் அலையின் வேகமும் காற்றில் செல்லும் அலையின் வேகமும் வேறுவேறு என்று முதலில் அவர் கண்டார். ஒன்றேயாதல் வேண்டும் என்பது மாக்ஸ்வெலின் கொள்கை. மண்டபத்தின் சுவர்களும் அங்கிருந்த இரும்புக் கணப்பும் அலையைக் கெடுத்தன போலும். ஜெனீவா நகர அறிஞர் இருவர் பெரிய மண்டபத்தில் சோதித்து வேகம் ஒன்றே என்று நிறுவினர். கணக்கில் ஒரு பிழையைப் பிரெஞ்சு அறிஞர் புவான்காரே சுட்டினார். ஹெர்ட்ஸ் இவற்றை மறைக்கவில்லை. தம் கட்டுரைகளை 1892-இல் நூலாக்கியபொழுது முன்னுரையிலேயே அவற்றை எடுத்துக் கூறினார்.

இவ்வலைகளால் என்ன பயன் என்பதில் அவர் நாட்டம் கொள்ளவில்லை. தொலைபேசிப் பேச்சை இவ்வலைகளால் அனுப்ப இயலுமா என்று ஒரு பொறியியலாளர் மடல் எழுதிக் கேட்டபொழுது, பேச்சின் அதிர்வுக்கு அலைநீளம் பல நூறு கிலோமீட்டர் ஆகும், அதற்கு ஒரு கண்டத்தின் அளவு குழியாடி வேண்டும் என்று மறுமொழி விடுத்தார். விரைந்த அலையின்மேல் பேச்சை ஏற்றி அனுப்பும் வழி அன்று எவர்க்கும் தோன்றவில்லை. ஹெர்ட்ஸ் மறைந்த ஆண்டிலேதான் இத்தாலிய இளைஞர் மார்க்கோனி அவருடைய ஆராய்ச்சியைப் படித்துத் தம் முயற்சியைத் தொடங்கினார். அதே காலத்தில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், ஹெர்ட்ஸின் அலைகளை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருக்கி உலகை வியக்க வைத்தார்.

அந்தப் பொறியின் கதை இன்னும் முடியவில்லை. ஹெர்ட்ஸுக்குப் பொறி வேண்டுமாயின் இரண்டு பித்தளைக் குமிழ்கள் வேண்டியிருந்தன. உலோகமே இல்லாமல், வெறும் ஒளியைக் கொண்டே காற்றில் பிளாஸ்மாவை உண்டாக்கலாம் என்பதை 1960-இல் லேசர் தோன்றிய சில ஆண்டுகளிலேயே அறிஞர் கண்டனர். லேசர்த் துடிப்பை ஆடியால் குவித்தால் குவியும் இடத்தில் காற்று வெடித்துப் பொறியாகும். 1985-இல் ஸ்டிரிக்லண்ட் அம்மையாரும் மூரூ என்பாரும் மிகக் குறுகிய துடிப்புகளைச் சேதமின்றிப் பெருக்கும் வழியைக் கண்டனர். அதற்கு 2018-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றனர். அதன் பயனாக, ஒரு நொடியைப் பத்து இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் துடிப்பில், பல நூறு கோடி வாட் ஆற்றல்வீதத்தை அடக்க இயன்றது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் அத்தகைய துடிப்பைக் காற்றில் செலுத்தியபொழுது, அது விரிந்து சிதறாமல் ஒரு நூல் போல் பல மீட்டர் தொலைவு ஓடிற்று. கடும் ஒளி செல்லும் வழியில் காற்றின் ஒளிவிலகல் எண் சற்றே உயர்கிறது. ஒளிக்கற்றையின் நடுவிலே அவ்வுயர்வு மிகுதியாதலால் காற்றே குவியாடியாகித் துடிப்பைத் தானே குவிக்கச் செய்கிறது. குவியக் குவியக் காற்று அயனியாகிப் பிளாஸ்மா பிறக்கிறது. பிளாஸ்மாவோ ஒளியை விரிக்க முயல்கிறது. குவித்தலும் விரித்தலும் சமனாகும் நிலையில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள பிளாஸ்மா இழை காற்றில் நீளுகிறது.

ஹெர்ட்ஸின் பொறியிடம் கண்ட இரு பிறப்புகளும் இவ்விழையிடமும் உண்டு. இழைக்குள் கிளர்ச்சியுற்ற நைட்ரஜன் மூலக்கூறுகள், 337 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புற ஊதா ஒளியை உமிழ்கின்றன. எலக்ட்ரானை இழந்த நைட்ரஜன் அயனிகள் 391 நானோமீட்டரில் ஒளிர்கின்றன. காற்றில் வேறு பொருள் கலந்திருப்பின் அதன் ஒளியும் தோன்றும். ஆதலால் தொலைவிலிருந்தே காற்றின் மாசை அறிய இது துணையாகிறது. மறுபுறம், துடிப்பு கடந்து செல்கையில் தள்ளப்படும் எலக்ட்ரான்கள் கணநேர மின்னோட்டமாகி, டெராஹெர்ட்ஸ் அலைகளையும் அவற்றினும் நீண்ட வானொலி அலைகளையும் வெளிவிடுகின்றன. கம்பியுமில்லை, குமிழுமில்லை, காற்றே அலை வீசும் கருவியாகிறது. 2021-ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்விட்சர்லாந்தின் சாண்டிஸ் மலையுச்சியில், 124 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் அருகே இத்தகைய லேசரை வானோக்கி எய்து, மின்னலைச் சுமார் 50 மீட்டர் தொலைவுக்கு அதன் வழியே செல்லச் செய்தனர்.

ஹெர்ட்ஸின் வாழ்வுக்கு மீள்வோம். 1889-இல் பான் நகரப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார். 1890-இல் இலண்டன் ராயல் கழகம் ரம்ஃபோர்டு பதக்கம் அளித்தது. பானில் அவர் வளிமங்களில் நிகழும் மின்னிறக்கத்தை மீண்டும் ஆராயத் தலைப்பட்டார். இளமையில், 1883-இல், எதிர்முனைக் கதிர்களை ஆராய்ந்து அவை மின்புலத்தால் வளையவில்லை என்று முடிவு கூறியிருந்தார். அது தவறென்று 1897-இல் ஜே. ஜே. தாம்சன் காட்டி எலக்ட்ரானைக் கண்டார்; அப்பொழுது ஹெர்ட்ஸ் இல்லை. பானில் அக்கதிர்கள் மெல்லிய உலோகத் தகட்டை ஊடுருவுதலைக் கண்டு, அவ்வாராய்ச்சியைத் தம் உதவியாளராகிய ஃபிலிப் லெனார்ட் என்னும் இளைஞரிடம் ஒப்படைத்தார். லெனார்ட் அதனைத் தொடர்ந்து செய்து 1905-இல் நோபல் பரிசு பெற்றார்.

1892-இல் ஹெர்ட்ஸை நோய் பற்றியது. மூக்கிலும் தாடையிலும் காதிலும் தாங்கொணா வலி. அறுவைச் சிகிச்சைகள் பல நடந்தும் பயனில்லை. இரத்தக் குழாய்களை அழற்றும் அரிய நோயாக அது இருந்திருக்கலாம் என்று பின்வந்த மருத்துவர் கருதுகின்றனர். வலியினூடே இயந்திரவியல் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதி முடித்தார். பெற்றோர்க்கு எழுதிய இறுதி மடல்களில் ஒன்றில், தமக்கு ஏதேனும் நேர்ந்தால் வருந்த வேண்டா என்று கேட்டுக்கொண்டார். 1894-ஆம் ஆண்டின் முதல் நாள் அவர் உயிர் பிரிந்தது. மூத்த மகள் யோஹன்னாவுக்கு அப்பொழுது ஆறு வயது. இளையவள் மதில்டேவுக்கு மூன்று நிறையவில்லை. அந்நூலுக்கு முன்னுரை எழுதிய ஆசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸும் அவ்வாண்டே மறைந்தார். நூலைச் செப்பஞ்செய்து பதிப்பித்தவர் லெனார்ட்.

இனி வருவதை எழுதக் கை தயங்குகிறது. 1933-இல் ஹிட்லரின் நாசிக் கட்சி ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஏப்ரலில் வந்த சட்டத்தின்படி, பாட்டன் பாட்டி நால்வரில் ஒருவர் யூதராயினும் ஒருவர் அரசுப் பணிக்கு உரியவரல்லர். மதில்டே ஹெர்ட்ஸ் அப்பொழுது பெர்லினில் விலங்குகளின் நடத்தையை ஆராயும் அறிவியலறிஞர். தந்தையின் தந்தை ஏழு வயது வரை யூதராயிருந்தார், அது போதுமானதாயிற்று. அவருடைய கற்பிக்கும் உரிமை பறிக்கப்பட்டது. மாக்ஸ் பிளாங்க் அவருக்காக வாதாடிச் சிறிது காலம் ஆராய்ச்சியில் வைத்திருந்தார். ஹைன்ரிக்கின் அண்ணன் தம்பி வழியில் வந்த குஸ்டாவ் ஹெர்ட்ஸ், எலக்ட்ரான் மோதி அணுவைக் கிளர்ச்சியுறச் செய்யும் விதியைக் கண்டு 1925-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்தவர். பொறியின் ஒளி எவ்வாறு பிறக்கிறது என்பதற்கே விளக்கம் தந்த அவரும் தம் பேராசிரியர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. ஞானஸ்நானம் பெற்று நூறாண்டு கடந்தும் பிறப்பு அவர்களை விடவில்லை. மதம் மாறியும் சேரி மாறாத கதையை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தி அன்று.

இறந்தவரையும் அவர்கள் விடவில்லை. ஹாம்பர்க் நகர மன்றத்தில் மதிப்புடன் தொங்கிய ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் படம் அகற்றப்பட்டது. பெர்லினில் அவர் பெயரால் 1928-இல் தொடங்கப்பெற்ற ஆராய்ச்சி நிலையம் பெயர் மாற்றப்பட்டது. அதிர்வெண்ணின் அலகுக்கு 1930-இல் உலக மின்தொழில் ஆணையம் சூட்டியிருந்த ஹெர்ட்ஸ் என்னும் பெயரை நீக்கி, குறியெழுத்து மாறாதபடி ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்று மாற்றவும் யோசனை எழுந்தது. ஆசிரியரின் பெயரைக் கொண்டே மாணவரின் பெயரை அழிக்க நினைத்தனர். இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்ற அறிவியலறிஞர் யாரெனில், அந்த லெனார்ட்தான். தம் ஆசிரியரின் கண்டுபிடிப்புகளை மறுக்கவும் இயலாமல், பிறப்பை ஒப்பவும் இயலாமல், சோதனைத் திறனைத் தாய்வழி ஆரியக் குருதிக்கும், தமக்குப் பிடிக்காத கொள்கை நாட்டத்தைத் தந்தைவழி யூதக் குருதிக்கும் பங்கிட்டுத் தந்தார். கடைசல் இயந்திரத்தில் நின்ற சிறுவனை ஒரு தாயின் மகனாகவும், சமன்பாடு எழுதியவரை ஒரு தந்தையின் மகனாகவும் பிளந்து பார்த்த அறிவை என்னென்பது!

1930களின் நடுவில் கைம்பெண் எலிசபெத்தும் மகளிர் இருவரும் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் குடியேறினர். மதில்டே தம் ஆராய்ச்சியைத் தொடர முயன்றார். ஆயினும் விரைவிலேயே அது நின்றுபோயிற்று. எலிசபெத் 1941-இல் அந்நகரிலேயே காலமானார். போர் முடிந்தபின் ஹாம்பர்க்கில் படம் மீண்டும் வைக்கப்பட்டது. பெர்லின் நிலையம் பழைய பெயரைப் பெற்றது. 1960-இல் எடை அளவுகளுக்கான உலகப் பொதுமாநாடு ஹெர்ட்ஸ் என்னும் அலகை முறைப்படி ஏற்றுக்கொண்டது. மதில்டே ஹெர்ட்ஸ் தாய்நாடு திரும்பாமல், 1975-இல் கேம்பிரிட்ஜிலேயே மறைந்தார்.